ஓடுகிற கியர் பாக்ஸில் கை வைக்கலாமா?

பெரியப்பா வண்டி ஓட்டுவதை நிறுத்தியபோது சாவியை என்னிடம் கொடுத்தார். 2010 மாடல் செடான், ஐந்து கியர் ஆட்டோமேட்டிக், ஓடியது 96,000 கிலோமீட்டர். கூடவே ஒரு மஞ்சப்பை. உள்ளே பதினான்கு வருட சர்வீஸ் பில்கள். தரையில் பரப்பித் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தேன். எஞ்சின் ஆயில் ஒரு தடவைகூடத் தவறவில்லை. பிரேக் பேட், கூலன்ட், ஏசி கேஸ், டயர், பேட்டரி எல்லாவற்றுக்கும் பில் இருந்தது. கியர் ஆயிலுக்கு மட்டும் ஒன்றுகூட இல்லை.

ஒரு சர்வீஸ் சென்டரில் கேட்டேன். "அது லைஃப்டைம் ஆயில் சார், மாத்தவே தேவையில்லை" என்றார்கள். கோவையில் எங்கள் வீட்டு வண்டிகளைப் பல வருடமாகப் பார்க்கும் மெக்கானிக் அண்ணனிடம் கேட்டேன். அவர் சொன்னது வேறு. "இத்தன வருசமாத் தொடாத ஆயிலுங்க தம்பி. இப்பப் போயி மாத்துனா கியர் பாக்ஸே போயிரும். ஓடுற வரைக்கும் ஓட்டிக்குங்க."

இருவர் சொன்ன முடிவும் ஒன்றுதான். காரணம்தான் நேரெதிர். அந்த ஆயில் கெடவே கெடாது என்கிறார் ஒருவர். கெட்டுப்போய்விட்டது, அதனால்தான் தொடக்கூடாது என்கிறார் இன்னொருவர். பழைய ஆட்டோமேட்டிக் கார் வைத்திருக்கும் யாரும் இந்த இரண்டு பதில்களையும் கேட்காமல் இருந்திருக்க மாட்டார்கள். பெரும்பாலானோர் குழம்பிப்போய் ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். அந்தக் குழப்பத்தில் நல்ல கியர் பெட்டிகள் பல வீணாகப் போகின்றன என்பது என் எண்ணம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே பிரித்துவிட வேண்டும். நம் ஊரில் 'ஆட்டோமேட்டிக்' என்ற ஒரே பேரில் நான்கு விதமான பெட்டிகள் ஓடுகின்றன. 2014-இல் மாருதி செலேரியோவோடு பரவத் தொடங்கிய ஏஎம்டி, சாதாரண மேனுவல் பெட்டிதான். கிளட்ச்சையும் கியரையும் நம் கைகாலுக்குப் பதில் ஒரு கருவி இயக்குகிறது, அவ்வளவே. அதற்கு மேனுவல் கியர் ஆயில்தான். சிவிடியில் பற்சக்கரத்துக்குப் பதில் இரண்டு கப்பிகளும் ஓர் எஃகு பெல்ட்டும் இருக்கும், அதன் ஆயில் தனி. இரட்டை கிளட்ச் பெட்டியான டிசிடிக்கும் தனி. நான் பேசுவது நான்காவதைப் பற்றி: டார்க் கன்வெர்ட்டர் வைத்த பழைய, அசல் ஆட்டோமேட்டிக். அதற்குள் ஊற்றுவதுதான் ஏடிஎஃப் எனப்படும் சிவப்பு ஆயில்.

இந்த ஆயிலை வெறும் மசகாக நினைப்பதில்தான் குழப்பமே தொடங்குகிறது. மேனுவல் பெட்டியில் ஆயிலின் வேலை பற்சக்கரங்கள் தேயாமல் பார்த்துக்கொள்வது. ஆட்டோமேட்டிக்கில் எஞ்சினின் பலத்தைச் சக்கரத்துக்குச் சுமந்து போவதே ஆயில்தான். மோர் கடைவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். மத்து பானையின் சுவரைத் தொடுவதில்லை. ஆனாலும் வேகமாகக் கடையும்போது பானையும் கூடவே திரும்பப் பார்க்கும், அதனால் பாட்டி பானையைக் கால்களுக்கு நடுவே இறுக்கிப் பிடித்துக்கொள்வார். மத்தின் சுழற்சியைப் பானைக்குக் கொண்டுபோவது நடுவிலிருக்கும் மோர். டார்க் கன்வெர்ட்டரில் எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் இறக்கைச் சக்கரம்தான் மத்து. கியர் பாக்ஸுக்குள் போகும் தண்டோடு பிணைந்த இன்னொரு இறக்கைச் சக்கரம்தான் பானை. நடுவில் ஆயில். சிக்னலில் பிரேக்கை மிதித்து நிற்கும்போது எஞ்சின் அணையாமல் இருப்பது இதனால்தான். பானையைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம், மத்து பாட்டுக்குச் சுற்றுகிறது.

இந்த அமைப்பு காருக்காகப் பிறந்ததல்ல. ஹெர்மான் ஃபொட்டிங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1905-இல் கப்பல்களுக்காக இதற்குக் காப்புரிமை பெற்றார். நீராவி டர்பைன் அதிவேகமாகச் சுற்றும், கப்பலின் விசிறியோ மெதுவாகச் சுற்ற வேண்டும். இரண்டுக்கும் நடுவே திரவத்தை வைத்தார். கார் உலகத்துக்குப் பெருமளவில் இதன் எளிய வடிவம் வந்தது ஜெனரல் மோட்டார்ஸ் 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபீலில் கொடுத்த ஹைட்ரா-மேட்டிக் பெட்டி வழியாக.

ஆயிலின் வேலை அதோடு முடியவில்லை. பெட்டிக்குள் ஒரு பம்ப் ஆயிலை அழுத்தத்தோடு தள்ளுகிறது. வால்வ் பாடி என்கிற, எறும்புப் புற்று போல் குடையப்பட்ட அலுமினியத் தட்டுக்குள் அந்த ஆயில் ஓடி, எந்த கிளட்ச் பிடிக்க வேண்டும், எது விட வேண்டும் என்ற கட்டளையைச் செயலாக்குகிறது. அந்தக் கட்டளையில் இறுகும் கிளட்ச் பிளேட்டுகள் உலர்ந்தவை அல்ல, ஆயிலிலேயே ஊறிக்கிடப்பவை. எஃகுத் தகட்டின் மேல் பிசின் கலந்த காகித நாரை ஒட்டியிருப்பார்கள். அந்த ஒட்டின் தடிமன் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. ஒரு கியர் மாறும் அரை நொடியில் நடுவிலிருக்கும் ஆயில் பிதுங்கி வெளியேற, சுற்றுகிற பிளேட்டும் நிற்கிற பிளேட்டும் ஒன்றாக வேண்டும். வெடுக்கென்று பிடித்தால் நமக்கு இடி தெரியும். வழுக்கிக்கொண்டே இருந்தால் பிளேட் கருகும்.

வழுக்கவும் வேண்டும், பிடிக்கவும் வேண்டும். ஒரே திரவத்திடம் இந்த இரண்டையும் கேட்பதுதான் ஏடிஎஃப் செய்வோரின் பெரும்பாடு. அதற்காகச் சேர்க்கும் வேதிப்பொருளை உராய்வு சீரமைப்பி எனலாம். அதன் கதையில் ஒரு திமிங்கலம் உண்டு. அம்பர்கிரிஸ் கடத்தல் பற்றி நம் செய்தித்தாள்களில் அடிக்கடி வருமே, அதே ஸ்பெர்ம் திமிங்கலம். அதன் தலையிலிருந்து எடுக்கும் எண்ணெய் பார்க்கத்தான் எண்ணெய், வேதியியல்படி அது திரவ மெழுகு. சூட்டைத் தாங்கும், உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும், கிளட்ச் பிடிக்கும்போது அதிர்வில்லாமல் பிடிக்க வைக்கும். 1949-இல் ஜெனரல் மோட்டார்ஸ் 'டைப் ஏ' என்று முதல் ஏடிஎஃப் தரத்தை வகுத்த காலந்தொட்டு அமெரிக்க கியர் பாக்ஸ்கள் இந்த எண்ணெயை நம்பி ஓடின. 1970-இல் அமெரிக்கா ஸ்பெர்ம் திமிங்கலத்தை அழியும் உயிரினமாக அறிவித்து அதன் எண்ணெயின் இறக்குமதிக்குத் தடை போட்டது. வேதியியலாளர்கள் மாற்று தேடி ஓடினார்கள். பாலைவனச் செடியான ஜொஜோபாவின் விதையில் கிடைப்பதும் திரவ மெழுகுதான் என்பதால் அதன் மேலும் கண் விழுந்தது. கடைசியில் செயற்கைச் சேர்மங்கள் அந்த இடத்தைப் பிடித்தன.

ஒரு பெருங்கடல் விலங்கின் தலையெண்ணெயை நம்பி நகரத்துக் கார்கள் கியர் மாற்றிக்கொண்டிருந்தன என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது. அதைவிட முக்கியம், அந்தச் சேர்மம் நிரந்தரமானது அல்ல என்பது. அன்றும் அது தீர்ந்துபோனது, இன்றும் தீர்ந்துபோகிறது.

தீர்வதற்கு முதல் காரணம் சூடு. எண்ணெய் வெப்பத்தில் காற்றோடு வினைபுரிந்து கெடுவது, பத்து டிகிரி கூடும்போதெல்லாம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது இத்துறையில் எல்லோரும் வைத்துக்கொள்ளும் கணக்கு. நல்ல சாலையில் சீராக ஓடும் பெட்டியில் ஆயில் 80, 90 டிகிரியில் இருக்கும். ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைக்கு 70. அந்த ஏற்றங்களில் ஏசி போட்டு ஐந்து பேரோடு ஏறும்போது டார்க் கன்வெர்ட்டருக்குள் மத்தையும் பானையையும் ஒன்றாகப் பிணைக்கும் பூட்டு கிளட்ச் முழுதாகப் பிடிக்கவே வாய்ப்பில்லை. கடையப்படும் ஆயில் 110, 120 என்று ஏறும். சென்னையில் மே மாத மதியத்தில் கத்திப்பாராவைக் கடக்கும் வண்டிக்கும் ஓய்வில்லை.

இரண்டாவது காரணம் நசுங்கல். சூட்டில் ஆயில் நீர்த்துவிடாமல் இருக்க நீண்ட சங்கிலி மூலக்கூறுகளைச் சேர்த்திருப்பார்கள். பற்சக்கரங்களுக்கு இடையில் மாட்டி அவை துண்டாகின்றன, ஆயில் மெலிகிறது. மூன்றாவது அழுக்கு. கிளட்ச்சிலிருந்து உதிரும் தூளும் இரும்பின் நுண்துகளும் ஆயிலில்தான் சேர வேண்டும், அவற்றுக்குப் போக வேறு வழியில்லை. எஞ்சின் ஆயிலுக்கு நாம் வருடா வருடம் ஃபில்டர் மாற்றுகிறோம். பல ஆட்டோமேட்டிக் பெட்டிகளில் ஃபில்டர் என்பது ஒரு சல்லடையே, அதுவும் பெட்டியைப் பிரித்தால்தான் கைக்கு எட்டும்.

இனி 'லைஃப்டைம்' என்ற சொல்லுக்கு வருவோம். யாருடைய ஆயுள்? ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனம் உலகின் பெரும் கார் கம்பெனிகளுக்குக் கியர் பாக்ஸ் செய்து கொடுக்கிறது. அதன் ஆறு கியர் பெட்டியைப் பொருத்திய கார்கள் பலவற்றில் ஆயில் மாற்றத் தேவையில்லை என்றே எழுதியிருக்கும். ஆனால் பெட்டியைச் செய்த இசட்எஃப் சொல்வது, 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டில் மாற்றுங்கள் என்று. பெட்டியைச் செய்தவன் பேச்சை நான் எடுத்துக்கொள்வேன். காரை விற்பவர் மனதிலிருக்கும் ஆயுள் உத்தரவாதக் காலத்தை ஒட்டியது. பதினைந்தாவது வருடத்தில் நாம் படும் பாடு அவர் கணக்கில் வராது.

மற்றொன்றையும் பாருங்கள். பல கார்களின் கையேட்டில் பராமரிப்பு அட்டவணை இரண்டு இருக்கும். ஒன்று சாதாரண ஓட்டத்துக்கு, இன்னொன்று கடுமையான ஓட்டத்துக்கு. கடுமையான ஓட்டம் என்றால் என்னவென்று கீழே சிறிய எழுத்தில் விளக்கியிருப்பார்கள்: 32 டிகிரிக்கு மேல் வெயில், நின்று நின்று போகும் நெரிசல், மலைச்சாலை, குறுகிய தூரப் பயணம். இது தமிழ்நாட்டில் ஒரு வருடத்தில் பாதிக்கு மேற்பட்ட நாளைச் சொல்கிறது. நம்மூர் வண்டி எதுவாக இருந்தாலும் இரண்டாவது அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும். அதில் கியர் ஆயிலுக்குப் பெரும்பாலும் ஒரு கிலோமீட்டர் எண் இருக்கும்.

ஆக, ஆயில் கெடும். அப்படியானால் மெக்கானிக் அண்ணன் சொன்னது சரியா? அவர் பொய் சொல்லவில்லை. ஆயில் மாற்றிய பத்து நாளில் கியர் பிடிக்காமல் போன வண்டிகளை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். ஏன் அப்படி நடந்தது என்பதில்தான் விஷயம்.

பெரும்பாலானோர் கியர் ஆயிலைப் பற்றி யோசிப்பதே கோளாறு தெரிந்த பிறகு. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் சத்தம் ஏறுகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. அப்போதுதான் "ஆயிலை மாத்திப் பார்ப்போமே" என்று பட்டறைக்கு வருகிறார்கள். அதற்குள் கிளட்ச் பிளேட்டின் காகித ஒட்டு தேய்ந்து தகடு தெரிய ஆரம்பித்திருக்கும். பிறகு பெட்டி கையை விரித்தால் பழி ஆயில் மேல் விழுகிறது. சாகக் கிடப்பவருக்கு வாயில் ஊற்றிய கடைசிப் பால்தான் உயிரைக் குடித்தது என்று சொல்வது போல.

ஆனால் இதில் உண்மையான ஒரு பங்கும் இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. பழைய ஆயிலில் உராய்வு சீரமைப்பி தீர்ந்துபோயிருக்கும் என்றேன் அல்லவா? அது தீர்ந்தால் ஆயிலின் வழுக்கல் குறையும், பிளேட்டுகள் முரட்டுத்தனமாகப் பிடிக்கும். ஓரளவு தேய்ந்த பிளேட், அந்த முரட்டுப் பிடியின் தயவில்தான் இதுவரை தாங்கிக்கொண்டிருந்திருக்கும். புது ஆயில் வந்ததும் பழைய வழுக்கல் திரும்பிவிடுகிறது, தேய்ந்த பிளேட்டால் ஈடுகொடுக்க முடிவதில்லை. அதோடு, அழுத்தம் கொடுக்கும் இயந்திரத்தை வைத்துக் கழுவினால் மூலைகளில் ஆண்டுக்கணக்காகப் படிந்த கசடு கிளம்பி வால்வ் பாடியின் நுண்ணிய துளைகளில் போய் அடைத்துக்கொள்ளும். தவறான ஆயிலை ஊற்றிக் கெட்டவையும் உண்டு. மெக்கானிக்கின் பயத்துக்குப் பின்னால் இவை எல்லாம் கலந்து கிடக்கின்றன.

அதனால் மாற்றலாமா வேண்டாமா என்று பொதுவாகக் கேட்பதை விட்டுவிட்டு, இந்தப் பெட்டி எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்க வேண்டும். அதை ஆயிலே சொல்லும். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப் ஸ்டிக்கை உருவி இரண்டு சொட்டை வெள்ளைக் காகிதத்தில் விட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். புது ஏடிஎஃப்பின் சிவப்பு வெறும் சாயம்தான். கீழே கசிந்தால் எஞ்சின் ஆயிலிலிருந்து அடையாளம் தெரிய வேண்டும் என்பதற்காகச் சேர்த்தது. எனவே சிவப்பு மங்கிப் பழுப்பானதை வைத்து மட்டும் பயப்பட வேண்டியதில்லை. சொட்டு அகலப் பரவி ஓரத்தில் கொஞ்சம் செம்மை தெரிந்தால் நல்லது. நடுவில் கரிப்பொட்டு போல் தங்கி, பரவாமல் நின்றால் கசடு அதிகம். பிறகு மோந்து பாருங்கள். அடிப்பிடித்த பாத்திரத்தின் வாடை வந்தால் கிளட்ச் கருகியிருக்கிறது.

எல்லாவற்றையும்விட மோசமான நிறம் ஒன்று உண்டு. ரோஸ்மில்க். டிப் ஸ்டிக்கில் இளஞ்சிவப்பாக, நுரைத்து, பால் கலந்தாற்போல் வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. பல கார்களில் கியர் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்கு உள்ளேயே இருக்கும். அது அரித்து ஓட்டை விழுந்தால் கூலன்ட் ஆயிலுக்குள் வரும். வெள்ளத்தில் மூழ்கிய வண்டிக்குள் பெட்டியின் காற்றுத்துளை வழியாகவும் நீர் புகும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மூழ்கிய கார்களில் எஞ்சினுக்குள் நீர் போனதா என்று மட்டுமே பலர் கேட்டார்கள். பிளேட்டில் ஒட்டியிருப்பது காகித நார், தண்ணீரில் ஊறினால் பிசின் விட்டுத் தோல் உரியும். ரோஸ்மில்க் நிறத்தைக் கண்டால் அதற்குமேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாமல் கட்டி இழுத்துப் போவதே சரி.

என் கார் நடுநிலையில் இருந்தது. கருமையான பழுப்பு, கரிந்த வாடை இல்லை, ஓரத்தில் மெல்லிய செம்மை. கியர் எல்லாம் பிடித்தது. அறுபது, எழுபது கிலோமீட்டர் வேகத்தில் லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்துப் போகும்போது மட்டும் வேகத்தடைக் கோடுகள் மேல் போவதுபோல் ஒரு நடுக்கம் இரண்டு நொடி வந்து போகும். டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் பூட்டு கிளட்ச் சீராகப் பிடிக்காததன் அறிகுறி அது. உராய்வு சீரமைப்பி தீர்ந்த ஆயிலில் முதலில் தெரியும் தொந்தரவும் இதுதான். இந்த நிலையில் மாற்றாமல் விடுவதுதான் ஆபத்து. கரிந்த வாடையும் வழுக்கலும் ஏற்கெனவே இருந்திருந்தால் என் முடிவு வேறாக இருந்திருக்கும். ஆயிலை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் பெட்டியைப் பிரிக்கும் நாள் நெருங்கிவிட்டது என்று பணத்தை எடுத்து வைத்திருப்பேன்.

எப்படி மாற்றுவது என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. கீழே பிளக்கைக் கழற்றினால் எல்லா ஆயிலும் வராது. பாதிக்கு மேல் டார்க் கன்வெர்ட்டரிலும் குழாய்களிலும் தங்கிவிடும். மொத்தம் 6 லிட்டர் பிடிக்கும் பெட்டியில் ஒரு தடவைக்கு இரண்டரை லிட்டர் வடிகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் மாற்றத்தில் புதியது 42 சதவீதம். இரண்டாம் தடவை வடியும்போது புதிய ஆயிலும் சேர்ந்தே போகிறது, ஆனாலும் 66 ஆகும். மூன்றாம் தடவை 80. அதற்கு மேல் போவது காசுக்கேற்ற பலன் தராது. ஒவ்வொரு தடவைக்கும் நடுவே ஆயிரம், ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி வடிக்க வேண்டும். இதில் ஆயில் கொஞ்சம் அதிகம் செலவாகும் என்பது உண்மை. ஆனால் பட்டினி கிடந்தவருக்கு ஒரே வேளையில் விருந்து வைக்காமல் கஞ்சியில் தொடங்குவது போல, பழைய பெட்டிக்கு மாற்றம் மெல்ல மெல்லப் போய்ச் சேர்கிறது. அழுத்த இயந்திரத்தைப் பழைய, பராமரிப்பு இல்லாத பெட்டியில் வைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. கீழ்த்தட்டு உள்ள பெட்டி என்றால் முதல் தடவையிலேயே தட்டைக் கழற்றி, ஃபில்டரையும் கேஸ்கட்டையும் மாற்றி, இரும்புத் தூளைப் பிடித்துவைக்கும் காந்தத்தைத் துடைத்துவிடுவது நல்லது.

எந்த ஆயில் என்பது இதைவிடப் பெரிய கேள்வி. சிவப்பாக இருப்பதெல்லாம் ஒன்றல்ல. ஜெனரல் மோட்டார்ஸின் டெக்ஸ்ரான், டொயோட்டாவின் டி-4, அதற்குப் பின் வந்த டபிள்யூஎஸ், ஹோண்டாவின் இசட்-1, அதன் இடத்துக்கு வந்த டிடபிள்யூ-1, ஹ்யுண்டாய் பழைய நான்கு கியர் பெட்டிகளுக்கான எஸ்பி-3, பின்னாள் ஆறு கியருக்கான எஸ்பி-4 என்று ஒவ்வொன்றுக்கும் உராய்வுக் குணமும் தடிமனும் மாறும். ஹோண்டா இசட்-1 கேட்ட வண்டியில் டிடபிள்யூ-1 ஊற்றலாம் என்று அந்தக் கம்பெனியே சொல்கிறது. டொயோட்டா டி-4 கேட்ட வண்டியில் டபிள்யூஎஸ் ஊற்றச் சொல்வதில்லை. இந்த உறவுமுறையை ஊகிக்க முடியாது. கையேட்டிலோ டிப் ஸ்டிக்கின் தலையிலோ எழுதியிருப்பதைப் படித்துத்தான் வாங்க வேண்டும். 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்ற டப்பாவை நான் தொடுவதில்லை.

இலங்கையில் இருப்பவர்களுக்கு இது இன்னும் கூர்மையான பிரச்சினை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அந்த ஐந்து வருடமும் ஏற்கெனவே வந்திறங்கிய ஜப்பானியக் கார்களையே பேணி ஓட்ட வேண்டியிருந்தது. டொயோட்டா விட்ஸ் போன்ற ஒரே பெயருள்ள மாடலில் பழையது நான்கு கியர் ஆட்டோவாகவும் பின்னால் வந்தது சிவிடியாகவும் இருக்கும். சிவிடியின் எஃகு பெல்ட் கப்பியில் வழுக்காமல் பிடிக்க வேண்டும், ஏடிஎஃப்போ வழுக்கவும் செய்யப்பட்டது. மாற்றி ஊற்றினால் பெல்ட்டும் கப்பியும் தேய்ந்து அந்தப் பெட்டியே போய்விடும்.

மெக்கானிக் அண்ணனிடம் காகிதத்தில் விட்ட சொட்டைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்து மோந்தார். "கருகலீங்க. சரி, மிஷின் வேண்டாம், கொஞ்சங் கொஞ்சமா எறக்குவோம்" என்றார். கால் மணி நேரம் ஓட்டி ஆயிலைச் சூடாக்கி, பட்டறையின் பிட் மேல் வண்டியைச் சமமாக நிறுத்தினோம். கீழே இரண்டு பிளக். எஞ்சின் ஆயிலின் பிளக்குக்கு அறுகோணத் தலை. கியர் ஆயிலின் பிளக்கில் சதுரக் குழி, ராட்செட்டின் முனை நேராக உள்ளே போய் உட்காரும். இரண்டையும் குழப்பிக்கொண்டு எஞ்சின் ஆயிலை இறக்கிவிட்டு, கியர் பெட்டியில் கூடுதலாக ஊற்றிவிடும் விபத்துகள் நடப்பதுண்டு. அண்ணன் விரலால் குழியைத் தடவி உறுதிசெய்துகொண்டுதான் ராட்செட்டை வைத்தார்.

பிளக்கின் முனையில் காந்தம். அதில் விபூதியைக் குழைத்து அப்பினாற்போல், அதைவிடக் கறுப்பாக ஒரு பசை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்த்தார். நெருடவில்லை. நெருடினாலோ, ஊசி போல் இரும்புச் சிராய் இருந்தாலோ அங்கேயே நிறுத்தியிருப்போம். மாவு போன்ற பசை வயதுக்கு உரிய தேய்மானம்தான். பனியன் வேஸ்ட்டால் துடைத்து, புது அலுமினிய வாஷர் போட்டார்.

வடிந்ததை லிட்டர் தண்ணீர் பாட்டில்களில் ஊற்றி அளந்தோம். இரண்டு நிறைந்து மூன்றாவது பாதி வந்தது. கடுங்காப்பி நிறம். அதே அளவு புதியதை நீண்ட புனல் வைத்து ஊற்றினோம். எவ்வளவு வடிந்ததோ அவ்வளவே ஊற்ற வேண்டும் என்பதில் அண்ணன் கறாராக இருந்தார். கூடினால் சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும், நுரைக்கு அழுத்தம் நிற்காது. குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும். இரண்டிலும் கடைசியில் கிளட்ச்தான் வழுக்கும்.

அளவு பார்க்கும் முறையும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. டொயோட்டா, ஹ்யுண்டாயின் பழைய பெட்டிகளில் ஆயில் சூடாகி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும். ஹோண்டாவில் சூடான வண்டியை அணைத்துவிட்டு, ஒன்று ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். டிப் ஸ்டிக்கே இல்லாத புதிய தலைமுறைப் பெட்டிகளில் ஆயிலின் வெப்பத்தை ஸ்கேனரில் பார்த்துக்கொண்டே நிரம்பி வழியும் பிளக்கைத் திறக்க வேண்டும், பல டொயோட்டா பெட்டிகளுக்கு அது 35 முதல் 45 டிகிரி. அந்த வகை வண்டியை ஸ்கேனர் இல்லாத இடத்தில் விடவே வேண்டாம்.

இரண்டாம் தடவை வடித்தபோது நன்னாரி சர்பத் நிறம். மூன்றாவதில் மாதுளைச் சாறு. அறுபதில் வந்த நடுக்கம் இரண்டாம் தடவைக்குப் பிறகே நின்றுவிட்டது. ஏழரை லிட்டர் பழைய ஆயிலையும் பட்டறையில் சேகரித்து வைக்கும் பீப்பாயில் ஊற்றினோம். பழைய ஆயில் சட்டப்படி அபாயகரக் கழிவு, மறுசுத்திகரிப்புக்குப் போக வேண்டியது. சாக்கடைக்கோ செடிக்கோ போகக்கூடாது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். குளிர்ந்த காலையில் முதல் தடவை இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது ஒரு சின்ன இடி இன்னும் இருக்கிறது. ஆயிலால் தீர வேண்டியது தீர்ந்துவிட்டது, இது சோலனாய்டு வால்வின், அதாவது மின்சாரத்தால் ஆயில் வழியைத் திறந்து மூடும் வால்வின் வேலை என்கிறார் அண்ணன். கழற்றிச் சுத்தம் செய்து பார்க்க அடுத்த மாதம் வண்டியை விடச் சொல்லியிருக்கிறார்.